ஜப்பானில் கோஹாயாக இருப்பது எப்படி

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் என் ஃபோன் ஓயாது. விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, குளிர் தாங்குமா, பொன்னி அரிசி கிடைக்குமா, குக்கர் எடுத்து வரலாமா என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன்: "கோஹாய் என்றால் என்ன தெரியுமா?" அநேகமாக எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "அனிமேயில் வருமே அக்கா, ஜூனியர்தானே?"

ஜூனியர்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், முதல் ஆறு மாதம் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள். அதனால் இந்த ஒரு சொல்லைப் பற்றி விரிவாக எழுதி வைக்கிறேன். விமானத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

நான் மேலப்பாளையத்துக்காரி. பி.இ. முடித்துவிட்டு ஜப்பான் அரசின் உதவித்தொகையில் செண்டாய் நகரத்துக்கு, உலோகமும் பீங்கானும் ஆராயும் ஒரு லேபுக்குப் போனேன். அக்டோபர் மாதம், 24 வயது. லேபுக்குள் நுழைந்த முதல் நாளே நான் ஒரு கோஹாய் ஆகிவிட்டேன். அது எனக்கே தெரியாது.

முதலில் சொல்லைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

ஜப்பானிய மொழி நம் எழுத்திலக்கணத்தைப் போலவே மாத்திரை எண்ணும் மொழி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. 'கோஹாய்' என்பதில் 'கோ' இரண்டு மாத்திரை, அப்புறம் 'ஹ', 'இ' ஒவ்வொன்று. மொத்தம் நான்கு. தமிழ் எழுத்தில் 'ஹாய்' என்று எழுதினாலும் அதை இழுக்காதீர்கள். யாரையாவது பார்த்துக் கையசைக்கும்போது சொல்கிற 'ஹாய்' அளவுக்கு அது நீளமில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஹகரத்தைக் ககரமாக எழுதி, எழுதியபடியே அழுத்திச் சொல்லிவிடுவோம். 'கோகாய்' என்று சொன்னால் அது வேறு சொல். செய்துவிட்டு வருந்துவதற்கு ஜப்பானியத்தில் அப்படிச் சொல்வார்கள். "நான் உங்கள் கோகாய்" என்றால் "நான் உங்கள் வருத்தம்" என்று காதில் விழும். கேட்பவர்கள் மரியாதைக்குத் திருத்தவும் மாட்டார்கள்.

இதற்கு இணையான மேல்வரிசைச் சொல் 'செம்பாய்', அதாவது சீனியர். மகரத்துக்குப் பிறகு வரும் பகரத்தை நாம் கம்பு, தும்பை என்று மெலிந்த ஒலியில்தான் படிப்போம். இங்கே அப்படி வேண்டாம். பழம், பால் என்பதில் வரும் பகரத்தைச் சொல்லுங்கள். இரண்டு சொற்களிலும் பின்பாதி ஒரே எழுத்துதான். தனியாக 'ஹை' என்று ஒலிப்பது, முன்னால் 'சென்' வந்ததும் 'பை' ஆகிறது. புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதில்லை.

எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

இந்தச் சொல் எனக்குப் புரிந்தது அகராதியைப் பார்த்து இல்லை. எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி 先 (சென்), 後 (கோ), 輩 (ஹை) என்ற இந்த மூன்று கான்ஜி எழுத்துகளையும், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளையும், தலைக்குப் பத்து முறை எழுதுங்கள்.

'சென்' என்பது முன். ஆசிரியரைச் சொல்லும் 'சென்ஸே'யில் வருவதும் இதுதான். முன்னால் பிறந்தவர் என்று அர்த்தம். ரயிலில் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை இருக்கை என்று எழுதியிருக்கும் பலகையிலும் இதே எழுத்தைப் பார்ப்பீர்கள். 'கோ' என்பது பின். ஆஸ்பத்திரி வாசலில் பிற்பகல் நேரம் எழுதியிருக்கும் இடத்தில் இருக்கும். அதன் இடதுபாதி வழிநடையைக் குறிக்கும். வலதுபாதியில் ஒரு நூலும் மெதுவாக வைக்கும் காலும் இருக்கின்றன. காலில் கயிறு கட்டியதுபோல் பின்தங்கி நடப்பவர் என்று எழுத்துக்கு விளக்கம் சொல்வார்கள்.

மூன்றாவது எழுத்தான 'ஹை'தான் முக்கியம். 15 கோடுகள். மேல்பாதியில் நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள், இரண்டு பக்கமும் மூன்று மூன்று சின்னக் கோடுகள், விரித்த சிறகு மாதிரி. கீழ்ப்பாதி ஒரு வண்டி. ரயில், சைக்கிள், கார் எல்லாவற்றின் பெயரிலும் வரும் அதே வண்டி எழுத்து. மாணவர்களைச் சொல்லும் சொல்லுக்குள் வண்டிக்கு என்ன வேலை என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

பதில் சீனாவில் இருக்கிறது. கி.பி. 100 வாக்கில் சூ ஷென் என்ற அறிஞர் தொகுத்த எழுத்தகராதியில் இந்த எழுத்துக்குப் படைத்தேர் விளக்கம் தருகிறார். படை புறப்படும்போது நூறு தேர் சேர்ந்தால் ஒரு 'ஹை'. அதாவது ஒரு வரிசை, ஓர் அணி. அதிலிருந்து ஒரே வகையைச் சேர்ந்தவர்கள், ஒரே கூட்டத்தார், ஒரே தலைமுறையினர் என்று பொருள் விரிந்தது.

இப்போது சேர்த்துப் படியுங்கள். செம்பாய் என்றால் முன்னால் போகும் தேர்வரிசை. கோஹாய் என்றால் பின்னால் வரும் தேர்வரிசை. மேலே, கீழே என்ற பொருள் அந்த எழுத்துகளில் எங்குமே கிடையாது. எல்லாத் தேரும் ஒரே சாலையில் ஒரே பக்கம்தான் போகின்றன.

தமிழில் நாம் செய்திருப்பதும் இதுதான். தம்பி என்பது தம் பின் பிறந்தவன். பழைய இலக்கியத்தில் எம்பி, உம்பி என்று வரும். அண்ணனுக்குத் தம்முன் என்று ஒரு சொல் இருந்தது. முன், பின் என்ற இரண்டே சொற்களில் உறவையும் வரிசையையும் சொல்லிவிட்டார்கள். கோஹாய் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒரு வீட்டில் தம்பியாக, தங்கையாக இருந்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

இதே 'ஹை' வரும் மற்ற சொற்களையும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'டோஹாய்' ஒரே வரிசைக்காரர். 'ஜாகுஹாய்' அனுபவமில்லாத இளையவர். பேச எழும்போது "இந்தச் சிறியவன்" என்று அடக்கமாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள 'ஜாகுஹாய்மோனோ' என்பார்கள். 'வாகாஹாய்' என்றால் 'நான்', ஆனால் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்கிற 'நான்'. கொரிய நாடகம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் சன்பே, ஹூபே இரண்டும் செம்பாய், கோஹாய் எழுத்துகளேதான். கொரிய ஒலியில் வருகின்றன, அவ்வளவுதான்.

தாங் அரசர்கள் காலத்துச் (618–907) சீனக் குறிப்பு ஒன்றில் எனக்குப் பிடித்த செய்தி இருக்கிறது. அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்கள் ஒருவரை ஒருவர் மரியாதையாகச் 'செம்பாய்' என்று (அவர்கள் ஒலிப்பில்) அழைத்துக்கொண்டார்களாம். இவரும் அவரை "முன்னவரே" என்பார், அவரும் இவரை "முன்னவரே" என்பார். ஒருவரை முன்னால் விட்டு நாம் பின்னால் நிற்பது அந்தக் காலத்திலேயே ஒரு பண்பாக இருந்திருக்கிறது.

வரிசையில் உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

போன முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். வயதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த இடத்துக்கு யார் முதலில் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. பள்ளியில், கல்லூரியில் எந்த வருடம் சேர்ந்தார் என்று பார்ப்பார்கள். கம்பெனியில் எந்த ஏப்ரலில் சேர்ந்தார் என்று பார்ப்பார்கள். உங்களோடு சேர்ந்தவர் 'டோகி', நம் ஊரில் செட்டு என்போமே, அது. உங்களைவிட வயதில் பெரியவர் உங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தால் அவர் 'தோஷிஉஏ நோ கோஹாய்', வயதில் மூத்த கோஹாய். அதற்கென்று தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்கு அது சகஜம்.

பொறியியல் லேபில் எல்லோருக்கும் ஒரு குறி இருக்கும். பி4 என்றால் இளநிலை நான்காம் ஆண்டு, லேபுக்கு அப்போதுதான் வந்தவர்கள். எம்1, எம்2 முதுநிலை. டி1 முதல் டி3 வரை முனைவர் பட்டம். கதவருகே காந்தம் ஒட்டிய பலகையில் பெயர்கள் இந்த வரிசையில்தான் இருக்கும். யார் லேபில் இருக்கிறார், யார் சாப்பிடப் போயிருக்கிறார் என்று காந்தத்தை நகர்த்தி வைப்பார்கள். அந்தப் பலகையை முதல் நாளே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது அக்டோபர் சேர்க்கையில். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் பலரும் முதலில் 'கென்க்யூஸே', அதாவது ஆராய்ச்சி மாணவர் என்ற பெயரில் உள்ளே போவோம். பட்டப்படிப்பு அப்போது தொடங்கியிருக்காது. நான் போனபோது லேபில் இருந்த பி4 பிள்ளைகளுக்கு 21, 22 வயது. படிப்பில் எனக்குப் பின்னால், லேபுக்கு வந்ததில் ஆறு மாதம் எனக்கு முன்னால். யார் முன், யார் பின்? அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இதற்கு நான் கண்ட வழி: இரண்டு பக்கமும் மரியாதைப் பேச்சிலேயே இருந்துவிடுங்கள். வினைச்சொல் 'டெஸ்', 'மாஸ்' என்று முடியட்டும். பெயரோடு 'சான்' சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கும் குறை வராது. ஏப்ரலில் நீங்கள் எம்1 ஆனதும் வரிசை தானாகச் சரியாகிவிடும். அதுவரை நீங்களாக யாருக்கும் செம்பாய் ஆகாதீர்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

நம் கல்லூரியில் சீனியரை அண்ணா, அக்கா என்போம். அவர்கள் நம்மைத் தம்பி, பாப்பா என்பார்கள். இரண்டு பக்கமும் கூப்பிடும் சொல் உண்டு. ஜப்பானில் ஒரு பக்கம்தான் உண்டு. செம்பாய் என்று கூப்பிடலாம். பெயரோடு சேர்த்தும் கூப்பிடலாம். நமக்குக் கார், பைக் மூலம் தெரிந்த சுசுகி அங்கே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். "சுசுகி செம்பாய்" என்றால் மிகச் சரி.

ஆனால் கோஹாய் என்று யாரையும் கூப்பிட முடியாது. "ஏ கோஹாய், இங்கே வா" என்ற பேச்சே அங்கே கிடையாது. அது கூப்பிடும் சொல் இல்லை, உறவைச் சொல்லும் சொல். ஜூனியரைப் பெயரோடு 'குன்' அல்லது 'சான்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். நெருங்கிய பழக்கமென்றால் வெறும் குடும்பப் பெயர். 'குன்' பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு. இப்போதெல்லாம் பல பள்ளிகளில் எல்லோருக்கும் 'சான்' என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கோஹாய் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது? வெளியாரிடம் உங்களை அறிமுகப்படுத்தும்போது, "நான் சுசுகி சானின் கோஹாய்" என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எதிரிலிருப்பவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரின் பின்வரிசையில் நிற்கிறேன் என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள், அந்த ஒருவருக்கும் அதில் பெருமை. இந்த உறவு பட்டம் வாங்கியதோடு முடிவதுமில்லை. முப்பது வருடம் முன்பு அதே லேபில் படித்தவர் வந்தால் அவர் 'தாய்-செம்பாய்', பெரிய செம்பாய். அவருக்கு 22 வயதுப் பிள்ளைகூடக் கோஹாய்தான்.

இதையெல்லாம் ஜப்பானியப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள் என்று நான் தங்கியிருந்த விடுதியின் ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது. எதிரில் ஒரு நடுநிலைப்பள்ளி. தொடக்கப்பள்ளி ஆறு, நடுநிலை மூன்று, மேல்நிலை மூன்று என்ற அமைப்பு அங்கே 1947-ல் வந்தது. தொடக்கப்பள்ளி வரை பக்கத்து வீட்டுப் பெரிய பையனைச் செல்லப்பெயரால் கூப்பிட்டு விளையாடும் பிள்ளை, நடுநிலையில் ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்ந்த அன்று அதே பையனைச் செம்பாய் என்று அழைக்கத் தொடங்குகிறது. மாலையில் பேஸ்பால் பயிற்சி முடியும். மூன்றாமாண்டுப் பிள்ளைகள் பையைத் தூக்குவார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் ஓடிப்போய் பந்து பொறுக்குவார்கள். அப்புறம் நீளக் கம்பில் குறுக்குக்கட்டை வைத்த ஒரு சாதனத்தை இழுத்துத் தரையைச் சமன் செய்வார்கள். அதற்குத் 'தொம்போ' என்று பெயர், தட்டான் என்று அர்த்தம். பார்ப்பதற்கும் தட்டான் மாதிரியே இருக்கும். வெளிச்சம் மங்கிய மைதானத்தில் ஐந்தாறு தட்டான்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும்.

மானுடவியலாளர் நாகானே சியே 1967-ல் ஜப்பானியச் சமூகத்தைச் செங்குத்துச் சமூகம் என்று விளக்கினார். இந்தியாவிலும் களத்தில் தங்கி ஆராய்ந்தவர் அவர். நம் சாதி ஒரே நிலையில் இருப்பவர்களைப் பக்கவாட்டில் கட்டுகிறது, ஜப்பானில் ஓர் இடத்துக்குள் இருப்பவர்களை முன்பின்னாகக் கட்டுகிறார்கள் என்று அவர் ஒப்பிட்டிருப்பது எனக்கு அந்த மைதானத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

வாயில் தயாராக இருக்க வேண்டியவை

நிறைய வேண்டாம், நாலைந்து போதும். பார்க்கும்போதும் பிரியும்போதும் "ஓத்ஸுகாரேசாமா டெஸ்", உழைத்துக் களைத்திருப்பீர்கள் என்று பொருள். இதைப் போலவே "கோகுரோசாமா" என்று ஒன்று காதில் விழும். அது மூத்தவர் இளையவரிடம் சொல்வது, நீங்கள் செம்பாயிடம் சொல்லக் கூடாது.

ஒருவரை அணுகும்போது "இமா யோரோஷீ டெஸ் கா", இப்போது பேசலாமா. கற்றுக்கொடுக்கச் சொல்லும்போது "ஓஷியேதே இதாதாகேமாசென் கா". யாராவது சாப்பாடு வாங்கிக்கொடுத்தால் "கோச்சிஸோசாமா டெஷ்தா". இதை அன்றைக்குச் சொன்னால் மட்டும் போதாது. மறுநாள் காலை லேபில் பார்த்ததும் "நேற்றுக்கு" என்று சேர்த்து இன்னொரு முறை சொல்ல வேண்டும். மறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

செம்பாய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்க நீங்கள் முதலில் கிளம்பினால் "ஓசாகி நி ஷித்ஸுரே ஷிமாஸ்". இதில் வரும் 'சாகி' என்பது செம்பாயில் இருக்கும் அதே 'முன்' எழுத்துதான். உங்களுக்கு முன்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரு நிமிடம் முன்னால் போவதற்கும் அனுமதி கேட்கும் மொழி அது.

கேட்பதற்குத்தான் கோஹாய்

இந்தப் பகுதிக்காகவே இவ்வளவும் எழுதினேன்.

பின்னால் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். லேபில் குழாய் உலை ஒன்று இருந்தது. நடுவில் அலுமினாக் குழாய், அதற்குள் சாம்பிளை வைத்து 1,200 டிகிரி வரை சூடேற்றலாம். அட்டவணையில் பெயர் எழுதினால் உங்கள் நாள். எம்2 செம்பாய் ஒருமுறை இயக்கிக் காட்டினார். ஜப்பானியத்தில் வேகமாகச் சொன்னார், நான் ஐந்தில் மூன்றைப் புரிந்துகொண்டேன். திரும்பக் கேட்டால் அவர் நேரம் வீணாகும் என்று மூன்று வாரம் கேட்காமலே தள்ளினேன். பிறகு ஒரு சனிக்கிழமை தனியாக இயக்கினேன். சூடேறும் வேகத்தைச் சரியாக வைத்தேன். ஆறும் வேகத்தை வைக்கவில்லை. பீங்கான் வேகமாகக் குளிர்ந்தால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சுருங்காது. சாயங்காலம் வந்து பார்த்தபோது குழாயில் ஒரு முடி அளவு கோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் செம்பாய்க்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை. அவர் சைக்கிளில் வந்தார். குழாயைப் பார்த்தார், உதிரிக் குழாயை அலமாரியிலிருந்து எடுத்தார், மாற்றுவது எப்படி என்று என் கையாலேயே மாற்ற வைத்தார். திட்டவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. ஒரு கோஹாய் கேட்காமல் விட்டால் அது செம்பாயின் குறை என்று அவர் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

'மெந்தோ ஓ மிரு' என்று ஒரு வழக்கு. ஒருவருடைய தொல்லைகளைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லலாம். கோஹாயின் மெந்தோவைப் பார்ப்பது செம்பாயின் கடமை. உலை இயக்குவது, படிவம் நிரப்புவது, எந்தப் பேராசிரியரிடம் எந்த நேரத்தில் பேசக் கூடாது என்பது, பழைய கான்ஃபரன்ஸ் ஸ்லைடுகள் எங்கே இருக்கின்றன என்பது, எல்லாம் இதில் அடங்கும். நீங்கள் கேட்டால்தான் அவர் செம்பாய் ஆக முடியும். கேட்காமல் ஒதுங்கி நிற்பது பணிவு என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கேட்கும் முறை ஒன்று உண்டு. முதலில் நீங்களே முயன்று பாருங்கள். எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். நோட்டோடு போய் நில்லுங்கள். அவர் சொல்லும்போது எழுதுங்கள். எழுதுகிற கோஹாயை எந்தச் செம்பாயும் திருப்பி அனுப்பியதில்லை. பிறகு அந்த நோட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்து வையுங்கள். பட்டம் முடித்துப் போகும்போது அடுத்தவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். அதற்கு 'ஹிகித்ஸுகி' என்று பெயர். என் செம்பாய் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் என்னிடம் கொடுத்த நோட்டில் அவருக்கு முன்பிருந்தவரின் கையெழுத்தும், அவருக்கும் முன்பிருந்தவரின் கையெழுத்தும் இருந்தன. உலைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: ஆறும் வேகம், நிமிடத்துக்கு 3 டிகிரி.

எங்கே மறுக்கலாம்

கோஹாய் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. குடி ஒரு பெரிய விஷயம். லேபில் விருந்து இருக்கும், ஊற்றுவார்கள். நான் குடிப்பதில்லை, முதல் விருந்திலேயே ஊலாங் தேநீர் கேட்டேன், அத்தோடு முடிந்தது. இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து மற்றவர்களுக்கு ஊற்றுவது கோஹாயின் வேலை என்பார்கள். உங்கள் மனசுக்கு ஒப்பவில்லையென்றால் தேநீரை ஊற்றுங்கள், அதுவும் செல்லும். ஒரே மூச்சில் குடி என்று யாராவது வற்புறுத்தினால் அது மரியாதைக்குள் வராது, வன்முறையில் சேரும். 20 வயதுக்குக் கீழே குடிப்பது சட்டப்படியே தவறு. 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் வரம்பு 18 ஆனபோதும் குடிக்கு 20-ஐ மாற்றவில்லை.

பெரிய பொறுப்பில் இருப்பவர் அந்தப் பொறுப்பை வைத்து நோகடிப்பதற்கு அங்கே 'பவா-ஹாரா' என்று பெயர். அதைத் தடுக்கும் கடமை சட்டப்படி 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரலில் சிறியவற்றுக்கும் வந்தது. பல்கலைக்கழகங்களில் புகார் சொல்ல ஆலோசனை மையம் இருக்கும், அதன் இடத்தைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு 1997-லேயே தனிச்சட்டம் வந்தது. அந்த ஊரிலிருந்து போகிற நாம், அங்கே போய் "இது அவர்கள் கலாசாரமாக இருக்குமோ" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. செம்பாய் என்று வீம்பு காட்டுபவரைச் சொல்ல ஜப்பானியர்களிடமே ஒரு வழக்கு இருக்கிறது: 'செம்பாய்-காஸே ஓ ஃபுகாசு', செம்பாய்க் காற்று வீசவிடுவது. அது பாராட்டுச் சொல் இல்லை.

உங்களுக்கும் கோஹாய் வரும்

செண்டாயில் இலையுதிர் காலம் வந்தால் 'இமோனி' என்று ஒரு விருந்து நடக்கும். ஹிரோஸே ஆற்றங்கரையில் கல் அடுக்கி அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சேப்பங்கிழங்குக் குழம்பு வைப்பார்கள். அந்த மாதம் முழுக்க நகரத்துக் கடைகளில் விறகுக்கட்டு விற்கும். செண்டாய் இருக்கும் மியாகி மாகாணத்தில் மிஸோ என்ற புளித்த சோயா விழுதும் பன்றிக்கறியும் போடுவார்கள். பக்கத்து மாகாணமான யாமாகாதாவில் சோயா சாஸும் மாட்டுக்கறியும். எது சரி என்று இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுவார்கள்.

நான் போன மூன்றாவது வாரம் எங்கள் லேபின் இமோனி. கிழங்கு சுரண்டுவது பி4 பிள்ளைகளும் நானும். பச்சைக் கிழங்கை ஆற்றுத் தண்ணீர்க் குளிரில் சுரண்டச் சுரண்ட எல்லோருக்கும் கை அரித்தது. தோலோடு அவித்துவிட்டு உரித்தால் வழுக்கிக்கொண்டு வரும், கையும் அரிக்காது. உம்மா வாரத்தில் ஒரு நாள் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் வந்து மூன்று வாரமே ஆன கோஹாய் எப்படிச் சொல்வது என்று பேசாமல் சொறிந்துகொண்டே சுரண்டினேன். குழம்பு கொதித்தபோது எம்2 செம்பாய் வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஒரு சின்ன அடுப்பு, அதன்மேல் தனியாக ஒரு சட்டி. கறி போடாமல், கொம்பு என்ற கடற்பாசி போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் புதிது. நான் பன்றிக்கறி சாப்பிட மாட்டேன் என்று ஒருமுறை யாரிடமோ சொன்னதைக் கேட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த வருட அக்டோபரில் நான் எம்1. எனக்குப் பின்வரிசையில் மூன்று பி4 பிள்ளைகள். ஆற்றங்கரையில் தார்ப்பாய் விரித்துக் கிழங்கை எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "செம்பாய், கை அரிக்கிறது. வேறு வழி இருக்கிறதா?"

நான் அண்டாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். கிழங்கைத் தோலோடு போடச் சொன்னேன். வெந்ததும் ஒன்றை எடுத்து, நுனியைக் கிள்ளி அழுத்திக் காட்டினேன். கிழங்கு வெள்ளையாக வழுக்கி வெளியே வந்தது. அவள் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.